சத்திரக்காரர் வீட்டு மருமகள்கள்

நான் வாழ்க்கைப்பட்டு வந்த வீட்டுக்குச் சாலைப் பக்கம் வாசல் கிடையாது. வீடு என்னவோ சாலையை ஒட்டித்தான் இருந்தது. உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகிற பஸ்கள் எங்கள் சுவரை உரசுகிற மாதிரி போகும். ஆனால் உள்ளே வரவேண்டும் என்றால் பக்கத்துச் சந்தில் திரும்பி, வைக்கோல் போரைச் சுற்றி, மாட்டுக் கொட்டகை வழியாகத்தான் வரவேண்டும். கல்யாணம் முடிந்து முதல் தடவை வந்தபோதும் என்னை அப்படித்தான் அழைத்து வந்தார்கள். ஆரத்தி எடுத்தவர்கள் கொட்டகைக் கூரை தலையில் இடிக்காமல் குனிந்து நின்று எடுத்தார்கள். கூறைப் புடவையின் கரையில் சாணி ஒட்டிக்கொண்டது. என் அம்மா அதைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. எனக்குத் திருப்புட்குழிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்திருந்தேன். டீச்சர் ட்ரெயினிங் போகவேண்டும் என்று ஆசை. கல்யாணத்துக்கு அப்புறம் மாப்பிள்ளை வீட்டில் கேட்டுக்கொண்டு போ என்றார் அப்பா. மாப்பிள்ளை வீட்டில் கேட்பதற்கு இருந்தவர் மாமியார் ஒருத்தர்தான். மாமனார் முன்பே இறந்துவிட்டார். என் கணவர் ஒரே பிள்ளை, அம்மா பேச்சைத் தாண்டாதவர்.

வந்த மாதமே கேட்டேன். மாமியார் முறத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"படிச்ச வரைக்கும் போதும் மே. வூட்ல வேல கீது."

வேலை இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாக வீடு இருந்தது. நீளமான ஒரு கூடம். அதன் ஒரு பக்கம் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள், ஒவ்வொன்றிலும் கரி பிடித்த ஒரு மாடக்குழி. சாலைப் பக்கத்துச் சுவரில் ஜன்னல்கூட இல்லை. பின்கட்டு முற்றத்திலிருந்து வருகிற வெளிச்சம்தான் கூடத்துக்கு. அதுவும் பாதியிலேயே நின்றுவிடும். பகலிலும் சிம்னி விளக்கை ஏற்றிக்கொண்டுதான் கூடத்தின் கோடிக்குப் போவேன்.

மற்ற வீட்டு மருமகள்களுக்குத் தண்ணீர் எடுக்கப் போவது ஒரு சாக்கு. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு பேரைப் பார்க்கலாம், பேசலாம். எனக்கு அதுவும் இல்லை. எங்கள் வீட்டுக் கிணறு முற்றத்திலேயே இருந்தது. மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு எதற்கு இவ்வளவு பெரிய கிணறு என்று தோன்றும். ஒரே நேரத்தில் நாலு பேர் இறைக்கலாம். சமையலறையில் சுவரோரமாக நீளமாக ஒரு அடுப்புக் குழி இருந்தது. அதன் மூலையில் மட்டும் ஒரு சின்ன அடுப்பு வைத்து நாங்கள் சமைத்தோம். மீதிக் குழியில் விறகும் வறட்டியும் அடுக்கியிருக்கும். பரண்மேல் ஓர் ஆள் உள்ளே உட்காரக்கூடிய பித்தளை அண்டா கவிழ்ந்து கிடந்தது. இதையெல்லாம் நான் பார்த்தேன். ஆனால் யோசிக்கவில்லை. பெரிய குடும்பமாக வாழ்ந்தவர்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமியார் கொடுமைக்காரி இல்லை. அதைச் சொல்லியாக வேண்டும். வெள்ளிக்கிழமை என் தலைக்கு எண்ணெய் வைத்துச் சிக்கெடுத்துப் பின்னிவிடுவார். எனக்குப் பிடிக்கும் என்று சுண்டைக்காய் வற்றல் போட்டு வைப்பார். ஆனால் கொட்டகையைத் தாண்டி நான் காலெடுத்து வைத்தால் குரல் வரும்.

"எங்க போற? இங்க இன்னா இல்ல உனக்கு?"

இன்னது இல்லை என்று எப்படிச் சொல்வது? மத்தியானத்தில் கூடத்துச் சுவரில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெளியே சைக்கிள் மணி, ஆடு ஓட்டுகிறவனின் அதட்டல், நெல் ஏற்றிய வண்டிகளின் கடகட. ஒரு முழச் சுவருக்கு அந்தப் பக்கம் ஊரே போய்க்கொண்டிருந்தது. பஸ் போகும்போது சுவர் லேசாக அதிரும். அந்த அதிர்வு கன்னத்தில் தெரியும்.

முதல் வைகாசியில் அது நடந்தது. காஞ்சிபுரத்தில் கருட சேவை. தெற்கேயிருந்து வருகிறவர்கள் பஸ்ஸிலும் வண்டியிலும் போனார்கள். பழைய வேண்டுதல் உள்ள சிலர் மட்டும் அப்போதும் நடந்தே போய், பாலாற்றைத் தாண்டி ஓரிக்கை வழியாக ஊருக்குள் நுழைவார்கள். சாலையில் காலையிலிருந்து கோவிந்தா சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நானும் மாமியாரும் கூடத்தில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். சுவரை யாரோ கையால் தட்டினார்கள். கிழவர் ஒருவருடைய குரல்.

"அம்மா, உள்ள யாராவது கீறீங்களா? சத்திரத்து வாசல் இங்கதான இருந்துச்சு? எங்கம்மா போச்சு?"

மாமியாரின் கை அப்படியே நின்றது.

"தாகமா கீது தாயி. ஒரு வாய் தண்ணி குடுத்தா போதும்."

நான் எழுந்தேன். செம்பை எடுத்துக்கொண்டு சந்து வழியாகச் சுற்றிப் போய்க் கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன். மாமியார் என் மணிக்கட்டைப் பிடித்தார். புளி பிசுபிசுத்த கை. வளையல் உடைந்துவிடும் போல இறுக்கிப் பிடித்தார்.

"குந்து. வாயத் தொறக்காத."

கிழவர் இன்னும் கொஞ்ச நேரம் தட்டினார். யாரோ பெண் குரல், "வாங்க, யாரும் இல்ல போல கீது" என்றது. செருப்புச் சத்தம் தேய்ந்துபோயிற்று. அப்புறம்தான் மாமியார் என் கையை விட்டார். ஒன்றும் நடக்காதது போலப் புளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

எங்களை ஊரில் சத்திரக்காரர் வீடு என்று சொல்வார்கள். அது ஏதோ பட்டப்பெயர் என்றுதான் நான் அதுவரை எண்ணியிருந்தேன். அன்று சாயங்காலம் கணவரிடம் கேட்டேன். அவர் சிரித்தார்.

"பேர்ல இன்னா கீது? கோடி வூட்டுக்காரன பட்டாளத்தான்றாங்க. அவன் செங்கல்பட்டத் தாண்டினதில்ல."

"வாசல் எங்கன்னு கேட்டாரு அந்தப் பெரியவரு."

"நான் பொறந்து நெனவு தெரிஞ்ச நாள்லேர்ந்து செவுருதான். அம்மாவ கேட்டியா?"

"நீங்க கேளுங்க."

அவர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அந்தக் கை என் மணிக்கட்டை இறுக்கியது எனக்கு மறக்கவில்லை.

அடுத்த வருஷம் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. அம்மா வீட்டில் இருந்த அந்தச் சில மாதங்கள்தான் நான் மூச்சுவிட்ட மாதங்கள். திரும்பி வந்தபோது சித்திரை வெயில். கூடத்தில் காற்று என்பதே இல்லை. குழந்தையின் கழுத்து, முதுகு எல்லாம் வேர்க்குரு. சிணுங்கிக்கொண்டே இருந்தாள்.

"ஒரே ஒரு ஜன்னல் வச்சா போதும் அத்தே. செவுத்துல ரெண்டு கல்ல எடுத்தாக்கூடப் போதும்."

"முத்தத்துல கட்டில போட்டுப் படு. செவுத்துல கைய வைக்கக் கூடாது."

"ஏன் கூடாது? என் வூடு இல்லயா இது?"

அவ்வளவு சத்தமாக நான் அந்த வீட்டில் பேசியதில்லை. மாமியார் குழந்தையை என்னிடமிருந்து வாங்கி, முற்றத்துக்கு எடுத்துப் போய், ஈரத் துணியால் உடம்பைத் துடைத்துவிட்டார். பேச்சு அத்துடன் முடிந்தது. அவரோடு சண்டை போடவே முடியாது. அதுவும் ஒரு சுவர்தான் என்று நினைத்து அழுதேன்.

அந்த ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. ஏரி நிரம்பி, கழனியெல்லாம் தண்ணீர். கூடத்துச் சுவர் ஓதம் காத்து, ஒருநாள் காரைப் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. மாமியார் அப்போது பெருநகர் என்கிற பக்கத்து ஊரில் அவர் அண்ணன் வீட்டுச் சாவுக்குப் போயிருந்தார். கருமாதி முடிந்துதான் வருவார்.

விழுந்த காரையை வாரப் போனவள், சிம்னியைத் தூக்கிப் பார்த்தேன். சுவர் முழுக்கப் பெரிய பழைய செங்கல். நடுவில் மட்டும் வேறு செங்கல், சின்னது, சிவந்தது. அந்தப் புதுக் கட்டுக்கு இரண்டு பக்கமும் கருங்கல் தெரிந்தது. களைக்கொத்தை எடுத்து வந்து மீதிப் பூச்சைச் சுரண்டினேன். ஏன் அவ்வளவு வெறியோடு சுரண்டினேன் என்று தெரியாது. நகக்கண்ணில் ரத்தம் வந்தது. பெண் தூளியில் தூங்கும்போதெல்லாம் போய்ச் சுரண்டினேன். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற இரண்டு கல் நிலைகள் வெளியே வந்தன. ஒன்றின் அடியில் குடத்தைச் சாய்த்து நிற்கிற ஒரு பெண் உருவம், முகம் தேய்ந்துபோயிருந்தது. கீழே மண்ணை ஒதுக்கினால் கல் வாசற்படி. நடுவில் குழிந்து, எண்ணெய் தடவியது போல வழவழவென்று இருந்தது. ஒரு குடும்பம் நடந்து தேய்க்கிற தேய்ச்சல் இல்லை அது. கிணறு, நீள அடுப்பு, அண்டா, வரிசையான அறைகள், எல்லாம் அப்போதுதான் எனக்கு ஒன்றாகச் சேர்ந்தன. நான் இருந்தது வீடே இல்லை. வழிப்போக்கர்கள் வந்து தங்கிச் சாப்பிட்டுப் போன சத்திரம். யார் வேண்டுமானாலும் வரலாம், போகலாம் என்று கட்டிய இடத்தில் நான் அடைந்து கிடந்தேன்.

கணவர் கல் நிலையைத் தடவிப் பார்த்தார். அவருக்கு முகமே மாறிவிட்டது.

"அடேங்கப்பா, எம்மாம் பெரிய வாசல்! இத ஒடச்சி வுட்டா ரோட்டப் பாத்து ஒரு டீக்கடையே வைக்கலாம்."

"அத்த வரட்டும்."

"அது வந்தா வுடாது. வர்றதுக்குள்ள முடிச்சிடணும்."

நான் தடுக்கவில்லை. தடுக்க எனக்கு மனசில்லை. மறுநாள் கொத்தனார் கடப்பாரையோடு வந்தார். அவர் சுவரைத் தட்டிப் பார்த்து, எங்கே ஆரம்பிப்பது என்று குறி வைத்துக்கொண்டிருக்கும்போது கொட்டகைப் பக்கம் மாமியாரின் குரல் கேட்டது. சாவு வீட்டிலிருந்து ஒருநாள் முன்னதாகவே திரும்பிவிட்டார். துணிப் பையோடு கூடத்துக்கு வந்தவர் சுவரைப் பார்த்தார். பை கீழே விழுந்தது. கத்துவார் என்று நினைத்தேன். அவர் நேராக நடந்து வந்து, அந்தச் சின்னச் செங்கல் கட்டுக்கு முதுகு கொடுத்து, வாசற்படிக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரி மா. அடிபடும்," என்றார் கணவர்.

"படட்டும் நைனா. என்ன ஒடச்சிட்டு அப்புறம் செவுர ஒட."

கொத்தனார் கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விட்டார். அப்புறம் மாமியார் என்னைப் பார்த்துத்தான் பேச ஆரம்பித்தார், பிள்ளையைப் பார்த்து இல்லை.

"இந்தச் செவுர நான்தான் வச்சேன் மே. இது இன்னா எடம்னு தெரிஞ்சிக்கின இல்ல? இது சத்திரம். காஞ்சிபுரத்துல யாரோ பெரிய மனுசங்க நெலத்த எழுதி வச்சி, வர்றவங்களுக்குச் சோறு போடு, தங்க எடம் குடுன்னாங்களாம். இந்த வூட்டு ஆம்பளைங்க வாசல்ல குந்திக்கினு வாங்க வாங்கன்னாங்க. வந்தவங்க புண்ணியவான்னு கும்புட்டுட்டுப் போனாங்க. அடுப்புல வெந்தது யாரு? எனக்கு மாமியா இல்ல. சின்னப் பொண்ணு நான். வந்த அன்னிக்கே கரண்டிய கைல குடுத்தாங்க."

விடிவதற்கு முன்னால் அடுப்பு மூட்டினால் அது அணைவதே இல்லையாம். நெல் வண்டிக்காரர்கள், பட்டுச் சேலை மூட்டையோடு வருகிற வியாபாரிகள், கோயிலுக்குப் போகிறவர்கள். பசி என்று யார் வந்தாலும் உலை வைக்கவேண்டும். அரிசி கிடைக்காத உலக யுத்த காலத்திலும் ஆட்கள் வருவது நிற்கவில்லை. அம்மா வீடு பக்கத்தில்தான், பெருநகர். ஆனால் போனால் இங்கே சமைக்க ஆள் இல்லை என்று அனுப்பவே மாட்டார்களாம்.

"உனக்கு ஒரு அக்கா இருந்தா, நைனா."

கணவர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அது தெரியாது. முப்பது வயது நெருங்குகிற மனிதர், அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வண்டில ஒரு குடும்பம் வந்துச்சு. அதுல ஒரு ஆளுக்கு வாந்தி பேதி. தொரத்த முடியுமா? கோடி ரூம்ல படுக்க வச்சாங்க. அவன் பொயச்சிக்கினு போயிட்டான். எம் பொண்ணுக்கு ஒட்டிக்கிச்சு. நடக்கற கொயந்த, தத்தித் தத்தி எல்லா ரூமுக்கும் போவும். மடில போட்டுக்கினு குந்தினு இருந்தேன். கண்ணு சொருவிடுச்சு. ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போலாம்னேன். உங்க தாத்தா வந்து, வாசல்ல ஆளுங்க வந்துகீறாங்க, மொதல்ல ஒல வையின்னாரு. வச்சேன். கொயந்தய பாய்ல கெடத்திட்டுப் போயி வச்சேன். கஞ்சி வடிச்சிட்டு வந்து பாக்கறேன்..."

அழவில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அன்னிக்கும் வந்தவங்களுக்கு எல போட்டாங்க. நான் வடிச்ச சோறுதான்."

கணவருடைய தாத்தா இறந்து காரியம் முடிந்ததும் மாமியார் கொத்தனாரைக் கூப்பிட்டாராம். என் கணவர் அப்போது கைக்குழந்தை. மாமனார் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொத்தனாருக்குச் செங்கல் எடுத்துக் கொடுத்ததே அவர்தான். நிலம் எழுதி வைத்த குடும்பத்திலிருந்து அதற்கு முன்பே யாரும் வருவதில்லை, பஸ் வந்தபிறகு நடந்து வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள்.

"அப்பவும் வருஷக்கணக்கா வந்து தட்டினாங்க. தாகம்னுவாங்க, மழைன்னுவாங்க. நான் உள்ள குந்திக்கினு கேப்பேன். ஒவ்வொரு தட்டும் என் முதுவுலதான் வியும். ஆனா தொறக்கல. தொறந்தா மறுபடியும் நான் அடுப்பாண்ட போவணும்."

கொத்தனாருக்குக் காபி கொடுத்து அனுப்பினோம். கணவர் கழனிக்குப் போனவர் இருட்டும் வரை வரவில்லை. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அதுவரை எனக்கென்று அந்த வீட்டில் இருந்தது என் கோபம் ஒன்றுதான். அதை வைத்துக்கொண்டுதான் பகல்களைத் தள்ளினேன். இப்போது அதுவும் போய்விட்டது. அவர் அடுப்பிலிருந்து வெளியே வருவதற்குக் கட்டிய சுவருக்குள் நான் மாட்டிக்கொண்டிருந்தேன். யாரைக் குறை சொல்வது? மழை விட்டதும் கொத்தனார் மறுபடி வந்து சுவரைப் பூசினார். நானே காரை குழைத்துக் கொடுத்தேன்.

அதற்கப்புறமும் என் நாட்கள் மாறவில்லை. அதே கூடம், அதே கிணறு. மாமியார் அதைப்பற்றித் திரும்பப் பேசவே இல்லை.

அடுத்த கோடையில் ஒரு மத்தியானம் என் பெண்ணுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. வாந்தியும் சேர்ந்துகொண்டது. கணவர் உத்திரமேரூர் ரைஸ் மில்லில் இருந்தார். நான் ஓமத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தேன். குழந்தையின் உதடு காய்ந்து, கண் உள்ளே போயிருந்ததை மாமியார்தான் முதலில் பார்த்தார். உடனே குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு ஓடினார்.

"அடுப்ப வுடு மே! வா!"

கொட்டகையைத் தாண்டி, சந்தைத் தாண்டி, சாலைக்கே போய்விட்டார். எங்கள் சுவருக்கு எதிரே நடுச்சாலையில் நின்று, உத்திரமேரூர் போகிற பஸ்ஸைக் கையை விரித்து மறித்தார். டிரைவர் திட்டிக்கொண்டே பிரேக் போட்டார். குழந்தையைப் பார்த்ததும் பேசாமல் ஏற்றிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் சீட்டு எழுதக் குழந்தையின் பெயரைக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மாமியார் சொன்னார். அது என் பெண்ணின் பெயர் இல்லை. நான் கேட்டே இராத ஒரு பெயர். நர்ஸ் எழுதிக்கொண்டார். மாமியார் தான் என்ன சொன்னோம் என்றே அறியாமல், டாக்டர் ஊசி போட நரம்பு தேடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் திருத்தவில்லை. என் பெண் அந்தப் பெயரிலேயே சலைன் ஏற்றிக்கொண்டு, அந்தப் பெயரிலேயே பிழைத்தாள். அடுத்த நாள் கண் திறந்து பால் கேட்டாள். அப்போதுதான் மாமியார் வராந்தாவில் போய் உட்கார்ந்து, வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதார். தகவல் தெரிந்து மில்லிலிருந்து வந்திருந்த கணவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது, நோயாளிக் குழந்தை என்று கண்டக்டர் எங்கள் வீட்டுக்கு நேராகவே பஸ்ஸை நிறுத்தச் சொன்னார். இறங்கியதும் மாமியார் சாலையோரம் நின்று சுவரைப் பார்த்தார். போகும்போது இருந்த பதற்றத்தில் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். ஏதோ சினிமா போஸ்டர் ஒட்டிக் கிழித்த அடையாளம், பஸ் புகைக் கரி, கீழே பாசி.

"கட்டனதுக்கு அப்புறம் இந்தப் பக்கம் வந்து நின்னு நான் பாத்ததே இல்ல மே," என்றார். "உள்ள எவ்ளோ இருட்டா இருந்திருக்கும் உனக்கு."

சுவரை இடிக்கச் சொல்லவில்லை அவர். நானும் எதிர்பார்க்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஊரில் பால்வாடி திறந்தார்கள். டீச்சர் வேலைக்கு எஸ்.எஸ்.எல்.சி. படித்த பெண் வேண்டும் என்று தேடினார்கள். கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மாமியாரே ஒருநாள் காலையில் என் இடுப்பிலிருந்து இரண்டாவது குழந்தையை வாங்கிக்கொண்டு, "போயி பேரு குடுத்துட்டு வா. வேற ஆள வச்சிட்டாங்கன்னு அப்புறம் வருத்தப்படாத," என்றார். நான் அந்த வீட்டை விட்டுப் போகவில்லை. இன்றுவரை அங்கேதான் இருக்கிறேன். ஆனால் அன்று காலை வேறு யாரிடமும் சொல்லாமல், எதையும் கையில் எடுத்துக்கொள்ளாமல், வெறுங்கையோடு வெளியே நடந்தேன்.

பால்வாடியில் முதல் நாள் வேலை முடிந்து வீடு திரும்பியபோது மாமியார் எனக்கு இலை போட்டு வைத்திருந்தார். நான் பரிமாறிக்கொள்கிறேன் என்றேன். "குந்து மே, பசியோட வந்திருப்ப," என்று சொல்லிவிட்டு, அவரே சோறு போட்டார்.